தகரம் கேட்டவருக்குக் குவிமாடம்

அந்த நகரத்தின் கால்பந்துக் கழகம் எதையும் சிறிதாகச் செய்ததில்லை. கேலரிக் கழிப்பறையில் குழாய் ஒழுகுகிறது, மாற்றித் தாருங்கள் என்று ஒருமுறை சிலர் கேட்டார்கள். கழகம் அதைப் பெரிதாகச் சிந்தித்து, மைதானத்தின் முகப்பில் இசைக்கேற்ப ஆடும் நீரூற்று ஒன்றைக் கட்டித் திறந்து வைத்தது. குழாய் இன்றும் ஒழுகுகிறது. மாடிப்படியில் விளக்கு எரியவில்லை, இருட்டில் விழுந்து எழுந்திருக்கிறோம் என்று வேறு சிலர் சொன்னார்கள். உடனே வானத்தில் வண்ண ஒளிக்கற்றைகள் பாயும் காட்சி ஏற்பாடாயிற்று. அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இறங்கியவர்கள் அதே படியில் விழுந்தார்கள். "பெரிதாக நினை" என்பது கழகத்தின் சின்னத்தில் பந்துக்குக் கீழே பொறித்திருக்கும் வாசகம். கோப்பை என்று எதையும் வென்று வெகுகாலம் ஆகிவிட்டதால், நினைப்பதற்குக் கழகத்துக்கு நேரமும் நிறைய இருந்தது.

இதெல்லாம் ரொட்டிக்காரருக்குத் தெரியும். தெரிந்தும் போய்க் கேட்டார். கேட்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

ரொட்டிக்காரர் என்றால் கடை முதலாளி அல்ல. ஒரு பேக்கரியின் பின்கட்டில் அடுப்போடு நிற்பவர். முன்கையில் தட்டு சுட்ட தழும்புகள் வரிவரியாக இருக்கும். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கு மிச்சம் இருந்தது ஒரு தங்கை. அவள் ஒரு காலத்தில் பெண்கள் அணியின் கோல்கீப்பர். முதுகுத்தண்டில் வந்த நோய் அவளுடைய கால்களை வாங்கிக்கொண்டது. வாயை மட்டும் விட்டுவைத்தது. அந்த வாய்க்கு முழு வேலை கிடைப்பது ஆட்டம் நடக்கும் நாட்களில்தான்.

கிழக்குக் கேலரியின் அடியில், கார்னர் கொடிக்கு அருகே, சக்கர நாற்காலிகளுக்கென்று ஒரு சிமெண்ட் மேடை உண்டு. அங்கிருந்து பார்த்தால் கோல் கம்பம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். மேடையில் பழைய விளம்பரப் பலகையைத் தாங்கிய இரும்புக் கம்பங்கள் வெறுமனே நின்றன. மேலே வானம். அந்த மைதானத்தில் கூரை என்பது மேற்குப் பக்கத்தில், நிர்வாகிகள் உட்காரும் கண்ணாடி அறைக்கு மட்டும்தான்.

"ஏம்பா, பந்து வர்ற பக்கம் பாரு! எதிர் கேலரியில உனக்கு மாமனார் வீடா இருக்கு?" என்று தங்கை கத்துவாள். கோல்கீப்பர் திரும்பாமலே கையைத் தூக்கி, கேட்டுவிட்டது என்று காட்டுவான். மேல்வரிசையில் வழக்கமாக உட்காரும் பஸ் டிரைவரும் அவர் மனைவியும் அந்தக் கத்தலுக்காகவே அந்த இடத்தைப் பிடித்து வைத்திருந்தார்கள்.

சென்ற ஆட்டப் பருவத்தில் ஒரு நாள் மழை வலுத்தது. ஆட்டம் முடியும்வரை தங்கை நகர மறுத்தாள். நனைந்த குளிர் நெஞ்சுக்குள் இறங்கி, ஆஸ்பத்திரியில் மூச்சுக்குழாயோடு படுக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ரொட்டிக்காரரைத் தனியே கூப்பிட்டார்.

"இன்னொரு தடவை இப்படி நனைஞ்சா என்னால உறுதி சொல்ல முடியாது. மழைக்கு ஒதுங்க இடம் இருந்தா கூட்டிட்டுப் போங்க. இல்லைன்னா வேண்டாம்."

தங்கையிடம் இதைச் சொன்னபோது அவள் நாற்காலிச் சக்கரத்தை முன்னும் பின்னும் உருட்டினாள். பிறகு, "சரி. இனிமே சுவரைப் பார்த்துக் கத்தறேன். அதுவும் நம்ம கோல்கீப்பர் மாதிரிதான், நகராது" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரொட்டிக்காரருக்கு அந்தத் திருப்பல்தான் தாங்கவில்லை.

கழகத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பொதுமக்கள் எழுந்து நின்று ஒரு வார்த்தை பேசலாம் என்று ஏற்பாடு உண்டு. ரொட்டிக்காரர் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனார். மைக்கை அவர் கையில் கொடுத்தபோது அது மாவு உருண்டை போல நழுவியது.

"ஐயா, கிழக்கு கேலரி மூலையில சக்கர நாற்காலிக்காரங்க மழையில நனையறாங்க. கம்பம் ஏற்கெனவே நிக்குது. மேல ஒரு தகரம் போட்டாப் போதும். அனுமதி மட்டும் குடுங்க, தகரத்தை நானே வாங்கி நானே மாட்டிடறேன்."

மேடையில் கழகத் தலைவர் மெல்ல எழுந்தார். கைக்குட்டையால் கண்ணைத் தொட்டுக்கொண்டார்.

"தோழர்களே! ஒரு சாதாரண மனிதர், அடுப்பில் வேகும் மனிதர், எழுந்து நின்று நம்மிடம் கூரை கேட்கிறார். ஒரு தகரம் போதும் என்கிறார். என்ன தன்னடக்கம் பாருங்கள்! தகரம் என்று சொல்வது அவருடைய வாய். அவருடைய இதயம் என்ன சொல்கிறது? எனக்குக் கேட்கிறது. முழு மைதானத்துக்கும் ஒரு குவிமாடம் என்கிறது!"

"இல்லீங்க ஐயா, தகரம்தான்…" என்றார் ரொட்டிக்காரர். அதற்குள் கைதட்டல் எழுந்துவிட்டது. மைக்கையும் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த நாள் நகரம் முழுக்கப் பேச்சாயிற்று: மக்கள் குவிமாடம் கேட்கிறார்கள்.

குவிமாட ஆய்வுக் குழு அமைந்தது. கோரிக்கையின் தந்தை என்பதால் ரொட்டிக்காரருக்கும் அதில் ஒரு நாற்காலி போட்டார்கள். "பொதுமக்கள் பிரதிநிதி" என்று எழுதிய அட்டையைச் சட்டையில் குத்திவிட்டார்கள். குழு கூடும் அறையில் கம்பளம் கணுக்கால் வரை புதைந்தது. ஜன்னல்கள் திறப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. குளிர்சாதனம் அவ்வளவு கடுமையாக வேலை செய்ததால், அடுப்போடு பழகிய ரொட்டிக்காரர் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

குழுவில் இரண்டு கட்சிகள் இருந்தன. தலைவருடையது கூரைக் கட்சி. துணைத்தலைவராக இருந்த பழைய கேப்டனுடையது வானக் கட்சி. முதல் கூட்டத்தில் பழைய கேப்டன் மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"கால்பந்து வானத்தின் கீழ் பிறந்த ஆட்டம். மழைதான் எங்களைச் செதுக்கியது. நனையாதவன் இந்தக் கழகத்தின் ரசிகனே அல்ல! ஏழை ரசிகனுக்கு இறைவன் இலவசமாகத் தந்த ஒரே சொத்து மழை. அதைப் பறிக்க நான் உயிரோடு இருக்கும்வரை விடமாட்டேன்!" பேசி முடித்தவர் பணியாளரைக் கூப்பிட்டு, கழுத்தில் சில்லென்று படுகிறது, அந்தக் குளிர்சாதனத்தைக் கொஞ்சம் திருப்பிவிடு என்றார்.

ரொட்டிக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஐயா, மழை நாள்ல நீங்க எங்க உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பீங்க?"

"கண்ணாடி அறையில்தான். மழை எவ்வளவு அழகாகப் பெய்கிறது என்பது அங்கிருந்து பார்த்தால்தான் முழுதாகத் தெரியும்."

அடுத்துத் தலைவர் பேசினார். "குவிமாடத்தால் எனக்குத் தனிப்பட்ட லாபம் ஒன்றுமில்லை என்பதை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். இரும்பு தரப்போவது என் மைத்துனர். அவரோடு எனக்குப் பேச்சே கிடையாது. எல்லாம் என் மனைவிதான் பேசுகிறாள்." வெளிப்படைத்தன்மைக்காக அவருக்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம் நிறைவேறியது.

பிறகு குழு, குவிமாடம் உள்ள ஒரு வெளிநாட்டு நகரத்துக்குப் போய்ப் பார்த்து வருவதென்று முடிவாயிற்று. போனவர்கள் வெயிலில் கறுக்காமல், முகம் பளபளக்கத் திரும்பி வந்தார்கள். மூத்த உறுப்பினர் ஒருவர் பயண அனுபவத்தைச் சொன்னார். "அருமையான குவிமாடம். ஆனால் நாங்கள் முழு நேரமும் உள்ளேயே இருந்ததால், வெளியே மழை பெய்ததா இல்லையா என்று அறிய முடியவில்லை. ஆகவே கூரையால் பயன் உண்டா என்பதை உறுதியாகச் சொல்வதற்கில்லை. இன்னொரு முறை போக வேண்டும்." போனார்கள். பொதுமக்கள் பிரதிநிதிக்கு விமானத்தில் இடம் இருக்கவில்லை. அவருக்குச் சாவி வளையம் ஒன்று வாங்கி வந்தார்கள்.

அதற்குள் மழைக்காலம் தொடங்கிவிட்டது. வானம் மூடியிருந்த நாட்களில் தங்கை வீட்டிலேயே இருந்தாள். ஆட்டத்தின் இரைச்சல் தெருக்களைத் தாண்டி வீட்டுவரை வரும். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இது கோல் இல்ல. கம்பத்துல பட்டுப் போயிருக்கு" என்பாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சரியாக இருந்தும் அவள் முகத்தில் ஒரு சந்தோஷமும் வராது. அடுப்படியில் நிற்கும் ரொட்டிக்காரருக்கு அப்போது ஏதாவது பாத்திரத்தை ஓங்கி வைக்கத் தோன்றும். மெதுவாகத்தான் வைப்பார்.

அடுத்த கூட்டத்துக்குத் தலைவர் ஓர் ஆலோசகரை அழைத்து வந்தார். இளைஞர். சுவரில் படம் விழ, கையில் சிவப்பு வெளிச்சம் விடும் குச்சியோடு பேசினார்.

"முதல்ல நாம மழைங்கற பார்வையிலிருந்து வெளிய வரணும். கூரை மழைக்காக இல்ல. கூரைங்கறது ஒரு அனுபவம்."

"நனையாம இருக்கறதும் அனுபவம்தானேங்க?" என்றார் ரொட்டிக்காரர்.

"அது பழைய அனுபவம் சார்."

சிவப்புப் புள்ளி படத்தின் மேல் ஓடியது. கிழக்கு மூலையில் ஒரு பெரிய கறுப்பு வட்டம் இருந்தது. ரொட்டிக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார்.

"இது என்னங்க?"

"முதன்மைத் தூண். மொத்த டோமும் அது மேலதான் நிக்கும்."

"இது எங்க மூலையாச்சே. சக்கர நாற்காலிங்க நிக்கற இடம்."

"கரெக்ட். உங்க கோரிக்கையை மதிச்சுத்தான் அதுக்குப் 'பொதுமக்கள் தூண்'னு பேர் வெச்சிருக்கோம்."

"அப்போ என் தங்கச்சி எங்க உட்காருவா?"

"தூணுக்குப் பின்னாடி. ரொம்ப வசதியான இடம் சார். ஒரு சொட்டுத் தண்ணி படாது. ஆட்டம் மட்டும் தெரியாது, அதுக்கு ஒரு டிவி மாட்டிடுவோம்."

ரொட்டிக்காரர் திரும்பி எல்லா முகங்களையும் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. ஆலோசகர் சொன்னதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பது போல உட்கார்ந்திருந்தார்கள். அவர் இரு கைகளையும் கூப்பினார்.

"ஐயா, டோம் வரும்போது வரட்டும். எத்தனை வருஷம் ஆனாலும் ஆகட்டும். அதுவரைக்கும் அந்த இடத்துல ஒரு தகரம் மாட்டிக்கறேன். டோம் வர்ற அன்னிக்கு நானே கழட்டிடறேன்."

தலைவர் முகத்தைச் சுளித்தார். "இப்போதே தகரம் போட்டுவிட்டால் குவிமாடத்தின் தேவை குறைந்துவிடாதா? நனைகிற மக்கள்தான் நம்முடைய வாதமே."

பழைய கேப்டன் தலையசைத்தார். "தகரம் போட விட்டால் வானக் கட்சி தோற்றது போல ஆகாதா? நனைகிற மக்கள்தான் எங்களுடைய பெருமையும்."

குழு தொடங்கிய நாளிலிருந்து இரு கட்சிகளும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. அந்த ஒற்றுமை எல்லோரையும் நெகிழ வைத்தது. ஒருவரோடொருவர் கைகுலுக்கிக்கொண்டார்கள். கிடைத்த ஒற்றுமையை வீணாக்க வேண்டாமென்று அங்கேயே இன்னொரு முடிவும் எடுத்தார்கள்: ஆய்வு முடியும்வரை மைதானத்துக்குள் குடைக்குத் தடை. குடை விரிப்பவர் கூரைக் கட்சிக்கு ஆதரவாகப் பிரசாரம் செய்கிறார் என்பது பழைய கேப்டனின் வாதம். குடை இருந்தால் குவிமாடம் எதற்கு என்று கேட்பார்கள் என்பது தலைவரின் வாதம். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பொதுமக்கள் பிரதிநிதி கையைத் தூக்கவில்லை. அவர் கை தொடைக்குக் கீழே இருந்ததால் அதை யாரும் கவனிக்கவில்லை.

வீட்டில் தங்கை எல்லாவற்றையும் கேட்டாள்.

"தூணா? பரவாயில்ல. சாய்ஞ்சு உட்காரலாம்."

"விளையாடாதம்மா."

"நான் எங்க விளையாடறேன்? விளையாடறது அவங்கதான்." பிறகு மெதுவாகச் சொன்னாள். "அண்ணா, நீ அந்த அட்டையைக் குத்திக்கிட்டு அங்க போகாதே. உன்னை வெச்சுத்தான் என்னை நனைக்கறாங்க."

ரொட்டிக்காரர் அட்டையைக் கழற்றினார். ஊசி விரலில் குத்தி ரத்தம் வந்தது. அவர் கோபக்காரர் இல்லை. ரொட்டி கருகினால்கூடத் தன்னைத்தான் திட்டிக்கொள்வார். அன்று சாமி கும்பிடும்போது என்ன கேட்பது என்று தெரியாமல், வெறுமனே நின்றுவிட்டு வந்தார்.

பருவத்தின் பெரிய ஆட்டம் வந்தது. காலையில் வெயில் சுள்ளென்று அடித்தது. மழைக்காலம் முழுக்க ஜன்னலோடு கிடந்தவள், "வானத்தைப் பாரு, துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. இன்னிக்கு மட்டும்" என்று கெஞ்சினாள். ரொட்டிக்காரருக்கு மனம் கேட்கவில்லை. அழைத்துக்கொண்டு போனார்.

வாசலில் குடைகள் குவிந்து கிடந்தன. குடை பிடுங்கும் வேலை வாசல்காரருடையது. "என்னை மன்னிச்சுக்குங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி அவருக்குக் குரல் கட்டியிருந்தது. ஒரு கைக்குழந்தையின் தாயிடமிருந்து குடையை வாங்கிக்கொண்டு, தன் மழைக்கோட்டைக் கழற்றி அவளிடம் கொடுத்ததை ரொட்டிக்காரர் பார்த்தார். அதைக் கண்காணிப்பாளர் பார்த்துவிடாமல் இருக்க, நாற்காலியை நடுவில் நிறுத்தி மறைத்துக்கொண்டார்.

மூலைக்குப் போனால் அங்கே இடம் இல்லை. சிமெண்ட் மேடையின் நடுவில் மேசை போட்டு, அதன்மேல் குவிமாடத்தின் மாதிரியை வைத்திருந்தார்கள். அட்டையும் பசையும் வெள்ளிக் காகிதமுமாக, ஒரு பெரிய கல்யாணக் கேக் போல இருந்தது. அதன்மேல், விளம்பரப் பலகையின் இரும்புக் கம்பங்களையே பயன்படுத்தி, அகலமான புதுத் தார்ப்பாய் ஒன்றை இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

ரொட்டிக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். எவ்வளவு சுலபமாகக் கட்டியிருக்கிறார்கள்!

தலைவர், பழைய கேப்டன், ஆலோசகர் எல்லோரும் இறங்கி வந்தார்கள். படம் எடுப்பவர்கள் வந்தார்கள். "சக்கர நாற்காலி உள்ள வரட்டும்" என்றார் தலைவர். தங்கையைத் தார்ப்பாய்க்குள் தள்ளி, மாதிரிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். தலைவர் குனிந்து அவள் தோளில் கை வைத்தார். "சகோதரி, இது உங்களுக்காகத்தான்." படம் எடுத்தாயிற்று. உடனே காவலர்கள் இருவர் நாற்காலியைப் பிடித்து வெளியே இழுத்து, மேடையின் ஓரத்தில், திறந்த வெளியில் விட்டார்கள். மாதிரியை ரசிகர்கள் மறைப்பின்றிப் பார்க்க வேண்டுமாம். ஊன்றுகோலோடு வந்திருந்த கிழவர் ஒருவரையும், கால் விளங்காத வேறு சிலரையும் அங்கேயே ஒதுக்கினார்கள். நிர்வாகிகள் கண்ணாடி அறைக்குத் திரும்பினார்கள்.

இடைவேளைக்கு முன்னால் வானம் கறுத்தது. முதல் சொட்டு விழுந்தபோது ரொட்டிக்காரர் தன் சட்டையைக் கழற்றித் தங்கையின் தலையில் போட்டார். பஸ் டிரைவர் மேல்வரிசையிலிருந்து எட்டித் தன் துண்டைக் கொடுத்தார். அவர் மனைவி புடவைத் தலைப்பை விரித்துப் பிடித்தாள். மழை சடசடவென்று இறங்கியது. வெளியே போகும் வழி கூட்டத்தால் அடைத்துக் கிடந்தது. துணியெல்லாம் நொடியில் ஊறிப்போயிற்று. தங்கை இருமினாள். அந்த இருமலை அவருக்குத் தெரியும்.

அவர் காவலரிடம் ஓடினார். "தம்பி, ஒரு ஓரமா நிறுத்திக்கறேன். அந்த மேசையைக் கொஞ்சம் நகர்த்தினாப் போதும்."

"மாடல் மேல சாரல் அடிக்கும் சார். நனைஞ்சா யார் பதில் சொல்றது?"

"ஆள் நனையுதே, அதுக்கு யார் பதில் சொல்றது?"

காவலர் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். "அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே சார்."

ரொட்டிக்காரருக்குள் ஏதோ ஒன்று அப்போது அறுந்தது. அவர் கத்தவில்லை. நேராகப் போய் முதல் கம்பத்தில் கயிற்றின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். காவலர் அவர் தோளைப் பிடித்தார். பின்னாலிருந்து ஒரு கை வந்து காவலரின் கையை மெதுவாக எடுத்துவிட்டது. வாசல்காரர். "விடுப்பா. உனக்கும் அம்மா இருப்பாங்க" என்றார் கட்டிய குரலில். பஸ் டிரைவர் கம்பி வேலியைத் தாண்டிக் குதித்தார். ஊன்றுகோல் கிழவர் தன் கோலாலேயே ஒரு முடிச்சைத் தட்டி விடுவித்தார். ஆளுக்கொரு மூலையாகத் தார்ப்பாயைப் பிடித்துத் தூக்கி, நாற்காலிகளின் மேலே கொண்டுவந்தார்கள். பஸ் டிரைவர் அதை அந்தப் பக்கத்துக் கம்பங்களோடு சேர்த்து, லாரிக்குச் சரக்குக் கட்டுவது போல இறுக்கிக் கட்டினார்.

மழை குவிமாடத்தின் மேல் விழுந்தது. வெள்ளிக் காகிதம் முதலில் உரிந்தது. பிறகு, வேகாமல் அடுப்பிலிருந்து எடுத்த கேக் போல, மாடமே நடுவில் மெல்ல அமுங்கி உட்கார்ந்தது. "பொதுமக்கள் தூண்" மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. அதுவும் சாய்ந்தது.

தார்ப்பாய்க்குக் கீழே தங்கை, மூச்சு வாங்கிக்கொண்டே ஆட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். "மழையில பந்து வழுக்கும், ரெண்டு கையாலயும் பிடிடா!" கோல்கீப்பர் கையைத் தூக்கிக் காட்டினான்.

விசாரணை அதே குளிர் அறையில் நடந்தது. தலைவர் கண்கள் சிவந்திருந்தன. குவிமாடம் சரிந்த காட்சியைக் கண்ணாடி வழியே பார்த்த அதிர்ச்சியில் இரவெல்லாம் தூங்கவில்லை என்றார். பழைய கேப்டன், எந்தக் குவிமாடமும் மழைக்குமுன் நிற்காது என்று இதனால் நிரூபணமாகிறது என்றார். ஆலோசகர் எழுந்தார்.

"மன்னிக்கணும். நிரூபணம் ஆனது வேற. குவிமாடம் ஏன் நனைஞ்சுது? அதுக்கு மேல குவிமாடம் இல்லாததால. ஆக, தேவை முன்னைவிட அதிகமாயிருக்கு."

இரு கட்சியினரும் தலையாட்டினார்கள். பிறகு தலைவர் ரொட்டிக்காரரைப் பார்த்தார். "ஒரு நகரத்தின் கனவை அழித்திருக்கிறீர்கள். சொல்ல ஏதாவது இருக்கிறதா?"

ரொட்டிக்காரர் எழுந்தார். அன்று கைகளைத் தொடைக்குக் கீழே வைத்திருக்கவில்லை. அவற்றை மேசை மேல் ஊன்றிக்கொண்டார்.

"இவ்வளவு நேரம் பேசினீங்க. அன்னிக்கு அந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல் வந்துச்சா, மூச்சு எப்படி இருக்குன்னு இந்த மேசையில ஒருத்தர், ஒரே ஒருத்தர் கேட்டீங்களா? அட்டை நனைஞ்சதுக்கு அழுதீங்க. அவ தோள்ல கை வெச்சுப் படம் எடுத்துக்கிட்டீங்களே, அந்தக் கை ஈரமாகறதுக்குள்ள எடுத்துட்டீங்க. நான் உங்ககிட்ட டோம் கேக்கல ஐயா. பெரிய மனசுகூடக் கேக்கல. சின்னதா ஒண்ணு கேட்டேன். சின்னதைச் செய்யத்தான் உங்களுக்குத் துப்பில்ல. அதை மறைக்கத்தான் இவ்வளவு பெருசா நினைக்கறீங்க."

பிறகு தலைவர், "பொதுமக்கள் பிரதிநிதியின் உணர்ச்சிபூர்வமான கருத்துக்கு நன்றி" என்றார். மைதானத்துக்குள் நுழைய ரொட்டிக்காரருக்கு ஆயுள் தடை விதித்தார்கள். வாசல்காரரை, குடைகளோடு குடையாகப் பின்கட்டுக் கிடங்குக்கு மாற்றினார்கள். பழைய கேப்டன் இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார். இது சாதாரணக் குற்றமல்ல, ஆகவே மேல்விசாரணைக் குழு ஒன்று வேண்டும். அது தன் முடிவைச் சொல்லும்வரை, குற்றம் நடந்த இடம் நடந்தபடியே இருக்க வேண்டும். தார்ப்பாயை யாரும் அவிழ்க்கக் கூடாது. சக்கர நாற்காலிகள் அன்று நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். காவலுக்கு ஆள் போட வேண்டும். மேல்விசாரணைக் குழுவினர், அட்டைக் குவிமாடங்கள் பாதுகாப்பாக வைக்கப்பட்டிருக்கும் நாடுகளைப் பார்த்துவரக் கிளம்பினார்கள்.

தங்கைக்கு இருமல் நெஞ்சுவரை போகாமல் தொண்டையோடு நின்றது. கடவுள் செயல் என்றார் ரொட்டிக்காரர். பஸ் டிரைவர் செயல் என்றாள் தங்கை. இரண்டும் ஒன்றுதானே என்றார் அவர். அவள் மறுக்கவில்லை.

அடுத்த ஆட்டத்தன்று பஸ் டிரைவரும் மனைவியும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். "அண்ணே, அக்காவை நாங்க தள்ளிட்டுப் போறோம். தார்ப்பாய்க்குப் போலீஸ் காவல் மாதிரி போட்டிருக்காங்க. சொட்டு விழாது."

தங்கை நாற்காலிச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள். "அண்ணன் வராம நான் வரல."

"போம்மா. நான் சுவருக்கு வெளிய நிப்பேன்."

"நின்னு என்ன பண்ணுவே?"

"நீ கத்தறது கேக்குதான்னு பார்ப்பேன்."

மழை பெய்துகொண்டிருந்தது. ரொட்டிக்காரர் மேற்கு வாசலுக்கு எதிரே, சுவரோரம் நின்றார். தலைவரின் கார் வந்து நின்றது. ஒருவர் ஓடிவந்து பெரிய கறுப்புக் குடையை விரித்துப் பிடித்தார். காருக்கும் கதவுக்கும் இடையில் எட்டி வைக்கும் தூரம்தான். தலைவரின் பார்வை ரொட்டிக்காரர் மேல் பட்டது. எங்கோ பார்த்த முகம் என்று யோசித்து, கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் முகம் மலர்ந்தார்.

"அட, நீங்கதானே டோம் கேட்டவர்? ஏன் மழையில நிக்கறீங்க? கவலைப்படாதீங்க. வந்துரும்!"

ரொட்டிக்காரர் வாயைத் திறப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது.

உள்ளே ஆட்டம் தொடங்கிவிட்டது. கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலே ஒரு குரல் தனியாகக் கிளம்பியது. "டேய், கம்பத்தை விட்டு முன்னாடி வா! அது என்ன உன் சொந்தக்காரனா?" பக்கத்திலிருந்தவர்கள் சிரிப்பதும் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் மழை வழிந்தது. பல மாதங்களாகக் கும்பிட நின்றும் வராத வார்த்தைகள் அங்கே தெருவோரத்தில் வந்தன.

"சாமி, எனக்கு ரொம்பக் கோபமா இருக்கு. அதுக்காக இவங்களைத் தண்டிக்க வேண்டாம். ஒரே ஒரு ஆட்டம், முழுசா, மழை கொட்டும்போது இவங்க எல்லாரையும் அந்த மூலையில கொண்டுபோய் உட்கார வை. பயப்பட வேண்டாம்னு சொல்லு. என் தங்கச்சி நகர்ந்து இடம் குடுப்பா."